பொறுத்தார் ஆளும் பூமி

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிறர் இழைக்கும் தீங்கைப் பொறுத்துக்கொள்பவன் ஈற்றில் மேன்மையடைவான் என்ற கருத்திலேயே பெரியோர் அதனை எடுத்தாளுவர். ஆயினும், அப்பழமொழியில் வரும் பூமி என்ற சொல்லுக்கு நம் காலடியிற் கிடக்கும் மண் என்றே நேர்ப்பொருள் கொண்டு பார்த்தாலும் அது பொய்யாவதில்லை. உலகின் மண்ணெங்கும் பரந்து வாழும் ஓருயிர்க் குலத்தினுள், வெயிலையும் வறட்சியையும் குளிரையும் நஞ்சையும் பொறுக்கவல்ல ஒரு சிறு கூட்டமே பெரும்பங்கு நிலத்தைத் தன் வசமாக்கி வைத்திருக்கின்றது என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அக்குலம் பூஞ்சணக் குலமாகும். விஞ்ஞான நூல்கள் அதனைப் பங்கசு என்று வழங்கும்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில் வேலியோரத்திலும் உக்கிய மரக்குற்றிகளின் மீதும் குடை விரித்து நிற்கும் காளான்களைக் காணாதவர் எவருமிலர். இரண்டொரு நாளில் அவை வாடி அழுகி மறைந்துவிடும். மறைந்ததும் அவற்றின் வாழ்வு முடிந்தது என்று எண்ணிவிடுகின்றோம். மாங்காய் பறிக்கப்பட்டதும் மாமரம் மாண்டுவிட்டது என்று எண்ணுவதற்கு ஒப்பானது அது. காளான் வெறும் காய்; மரமோ மண்ணுள்ளே இருக்கின்றது. தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய இழைகள் கிளைத்துக் கிளைத்து, மண்மணிகளுக்கிடையே வலைபோற் பின்னிக் கிடக்கின்றன. அந்த வலையே பங்கசின் உடல். பெரும்பாலான பங்கசுகள் காளானாக வெளித்தோன்றுவதுமில்லை. பழைய பாண் துண்டிற் படரும் பச்சைப் பூஞ்சணமும், ஈரச்சுவரிற் படியும் கருமையும் இக்குலத்தைச் சேர்ந்தவையே.

பங்கசு உண்ணும் முறை விந்தையானது. விலங்கு உணவை உட்கொண்டபின் செரிக்கின்றது. பங்கசு செரித்தபின் உட்கொள்கின்றது. தன் இழைகளின் நுனியிலிருந்து நொதியங்களை வெளியே கசியவிட்டு, அங்கு கிடக்கும் சருகையும் மரத்துண்டையும் கரைத்து, அக்கரைசலை உறிஞ்சிக்கொள்ளும். காட்டில் ஆண்டுதோறும் உதிரும் இலைகள் மலையாகக் குவியாதிருப்பது இதனாலேயே. வேறு சில பங்கசுகள் மரவேர்களைச் சூழ்ந்து வாழ்ந்து, நீரையும் பொசுபரசையும் வேருக்கு ஊட்டி, மாற்றாக மரம் ஆக்கும் வெல்லத்தைப் பெற்றுக்கொள்ளும். இன்னும் சில வேரைத் தாக்கிப் பயிரைக் கொல்லும். உழவனுக்கு உதவுவதும் உழவனை அழிப்பதும் ஒரே குலத்தில் இருத்தல் இயற்கையின் வழக்கமான குறும்பு.

மண்ணில் எந்த எந்தப் பங்கசு எவ்வளவு இருக்கின்றது என்பதை அறிவது நெடுங்காலமாக அரிய செயலாயிருந்தது. மண்ணிற் சிறிதை எடுத்து, ஏகார் என்னும் கடற்பாசிக் கூழில் இட்டு, எது முளைக்கின்றதோ அதனை நுணுக்குக்காட்டியில் நோக்குவதே பழைய முறை. இதிலுள்ள குறை வெளிப்படை. விருந்துக்கு வந்தவரை மாத்திரம் எண்ணி ஊர்ச் சனத்தொகையைக் கணிப்பதுபோன்றது அது; கூழை விரும்பாத பங்கசுகள் கணக்கில் வரமாட்டா. இப்பொழுதோ மண்ணிலிருந்து நேரே டி. என். ஏ. என்னும் பரம்பரைப் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் எழுத்து வரிசையைப் படித்து, முளையாதவற்றையும் பெயர் சொல்லாதவற்றையும் இனம் பிரித்துவிடலாம்.

இம்முறையைக் கையாண்டு, எஸ்தோனியா நாட்டின் தார்ட்டுப் பல்கலைக்கழகத்து லேகோ தெடர்சூ என்பாரும் அவருடன் பல நாட்டு அறிஞரும் உலகின் 365 இடங்களிலிருந்து மண்ணெடுத்து ஆராய்ந்து, 2014ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். எந்த இடத்தில் எத்தனை வகைப் பங்கசு வாழும் என்பதைப் பெரிதும் நிர்ணயிப்பது தட்பவெப்பமே என்று அவர்கள் கண்டனர். மத்திய கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லச் செடிகொடிகளின் வகைகள் விரைவாகக் குறைகின்றன. பங்கசுகளோ அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. மரஞ்செடிகள் கைவிட்ட குளிர் நாடுகளிலும் அவை ஒருவாறு நிலைத்து நிற்கின்றன.

எனினும், நேயர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது அதன்பின் வந்த ஓர் ஆராய்ச்சி. அவுஸ்திரேலியாவின் மேற்குச் சிட்னிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் எலெனோரா எகிடி முதலானோர், உலகின் பல பாகங்களிலும் சேர்த்த 235 மண்களை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அம்மண்களிற் காணப்பட்ட பங்கசு வகைகளோ கணக்கில. அவற்றுள் எங்கும் பரந்தும் எங்கும் மிகுந்தும் இருந்தவை எத்தனை? 83 வகைகள் மாத்திரமே. நூற்றுக்குப் பத்தன்று, நூற்றுக்கு ஒன்றன்று. கண்ட வகைகள் அனைத்தினுள்ளும் நூற்றில் ஒன்றின் பத்திலொரு பங்குக்கும் குறைவு. பாலைநிலமாயினும் புல்வெளியாயினும் காடாயினும், மீண்டும் மீண்டும் அதே சில முகங்களே தோன்றின.

அவை யாவை? மழைக்காலத்துக் குடைக்காளானின் நெருங்கிய உறவினர் அல்ல. பெரும்பாலானவை அசுக்கோமைசீற்று என்னும் பைவித்திப் பங்கசுகள். நுண்ணிய வித்திகளைக் காற்றில் விடுபவை. இன்ன உணவுதான் வேண்டும் என்று பிடிவாதம் செய்யாது கிடைத்ததை உண்டு வாழ்பவை. இவற்றின் பரம்பரை அலகுகளை, அவ்வளவு பரந்து வாழாத பிற பங்கசுகளின் அலகுகளுடன் ஒப்பிட்டபோது ஒரு வேற்றுமை புலப்பட்டது. இடுக்கணைத் தாங்குவதற்கும் உணவை ஈட்டுவதற்கும் உரிய அலகுகள் இவற்றில் மிகுந்திருந்தன. வல்லவன் வகுத்ததே வாய்க்கால் என்பார்கள். வாய்க்காலை வகுக்கும் வல்லமை இங்கு பெரிதும் தாங்கும் வல்லமையாகவே இருக்கக் காண்கின்றோம்.

235 புள்ளிகளைக் கொண்டு உலகுக்கு வரைந்த படத்தில் வெற்றிடங்கள் பல இருக்கும் என்பதை மறத்தலாகாது. அன்றியும், மிகுந்திருப்பதே இன்றியமையாதது என்று கொள்வதும் தவறு. ஓர் ஊரில் அருகியிருக்கும் வைத்தியன், எண்ணிக்கையிற் சிறியவன் என்பதற்காகத் தேவையற்றவன் ஆகிவிடுவானா? ஒரேயொரு மரத்தின் வேருக்கு உரிய அரிய பங்கசு, அம்மரத்துக்கு உயிர்நாடியாக இருக்கலாம்.

பங்கசுக்கு இடுக்கண் என்பது யாது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம். விலங்கு வெயில் கடுமையானால் நிழலுக்கு ஓடும். பங்கசின் இழை ஓடமாட்டாது. மரத்தின் வேரைப்போல் ஆழச் சென்று நீர் தேடவும் பெரும்பாலும் இயலாது. அதன் சுவர் மெல்லியது; உணவு அச்சுவரினூடே கரைசலாய்ப் புகுதல் வேண்டுமாதலின் அதனை முற்றாக அடைத்துக்கொள்ளவும் முடியாது. மண் காயுமிடத்து உள்ளே இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படும். மண் உவர்க்குமிடத்தும் அதுவே நிகழும். வெப்பம் மிகுந்தால் கலத்தினுள்ளே புரதங்கள் உருக்குலையும். குளிர் மிகுந்தால் பனிக்கட்டிகள் கலத்தைக் கிழிக்கும். இத்தனை இடர்களுக்கும் இடையில் ஒரு நூலிழை எவ்வாறு பிழைக்கின்றது?

முதலாவது உபாயம் கலத்தை நிரப்பிக்கொள்ளல். திரெகலோசு என்னும் வெல்லத்தையும் கிளிசரோலையும் உள்ளே மிகுதியாகச் சேர்த்துக்கொண்டால், நீர் எளிதில் வெளியேறாது. திரெகலோசுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நீர் போய்விட்டாலும், நீர் இருந்த இடத்தில் அது நின்று, புரதங்களையும் கலமென்சவ்வையும் வடிவு குலையாமற் காக்கும். பண்டம் உடையாமலிருக்கப் பெட்டியினுள் வைக்கோல் திணிப்பதை நினைத்துக்கொள்க. இரண்டாவது, உருக்குலைந்த புரதங்களை மீண்டும் மடித்துச் செம்மை செய்யும் காவற்புரதங்களை வெப்பம் வந்தவுடன் ஆக்குதல். மூன்றாவது உபாயம் உறக்கம். வித்திகளாகவும், இழைகள் இறுகித் திரண்ட கரிய மணிகளாகவும் உருமாறி, நல்ல காலம் வரும்வரை பல ஆண்டுகள் காத்துக் கிடத்தல். இவ்வுறக்கத்தில் நியூரோசுப்போரா என்னும் பங்கசு ஒரு படி மேலே சென்றுவிட்டது. அதன் பைவித்திகள் 60 பாகை வெப்பம் பட்டாலன்றி விழித்தெழுவதில்லை. காடு எரிந்து, போட்டியிடுவோரெல்லாம் மாண்டு, மண் ஆறும் வேளையில் அது எழுந்து தனியரசு செலுத்தும். பிறருக்குச் சாவோலை அதற்குத் திருமுகம்!

நான்காவது உபாயமே எல்லாவற்றினும் புகழ் பெற்றது. அது கருமை. மனிதர் தோலுக்கும் மயிருக்கும் நிறந்தரும் மெலனின் என்னும் பொருளைப் பல பங்கசுகள் தம் கலச்சுவரிற் பூசிக்கொள்கின்றன. இக்கரிய கவசம் ஊதாக் கடந்த கதிரை விழுங்கும், சுவரை வலுப்படுத்தும், செம்பு, நாகம் முதலிய உலோகங்களைப் பிணித்து வைத்துக்கொள்ளும், வெப்பத்தாலும் கதிராலும் உண்டாகும் தீய மூலக்கூறுகளை அடக்கும். இடர் மிகுந்த நிலங்களிற் கரிய பங்கசுகளே மிகுந்திருத்தல் உலகெங்கும் கண்ட உண்மை.

அந்தாட்டிக்காவில் மக்மேர்டோ வறள் பள்ளத்தாக்குகள் என்று ஓரிடம் உண்டு. பனிக்கண்டத்தின் நடுவே பனி படியாத குளிர்ப் பாலை அது. அங்கு மேற்பரப்பில் உயிர் என்பதே இல்லை என்று ஒருகாலத்தில் எண்ணினர். 1970ஆம், 1980ஆம் ஆண்டுகளையொட்டி இம்ரே பிரீட்மன் முதலானோர் அங்குள்ள மணற்கற்களைப் பிளந்து பார்த்தபோது, கல்லின் தோலுக்குச் சற்றுக் கீழே, மணிகளுக்கிடையேயுள்ள நுண்டுளைகளில் உயிர்கள் குடியிருக்கக் கண்டனர். அத்தகைய கல்வாழ் பங்கசுகளுள் ஒன்று கிரையோமைசெசு அந்தாட்டிக்கசு என்பது. நிறம் முழுக் கருமை. 2008ஆம் ஆண்டில் இதனை அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுசென்று, நிலையத்தின் வெளிப்புறத்தில், வெற்றிடத்திலும் சூரியக் கதிரிலும் ஒன்றரை ஆண்டு வைத்தார்கள். மீண்டும் பூமிக்குக் கொணர்ந்து பார்த்தபோது, கலங்களில் ஒரு பகுதி உயிருடன் இருந்து வளரலாயிற்று. மண்ணில் மண் தோன்றுவதற்கு முன்னர், கல்லைக் கரைத்து மண்ணாக்கும் வேலையில் இத்தகையாரும் பங்குகொள்கின்றனர் என்பது நினைக்கத் தக்கது.

மற்றோரிடம் மனிதன் கெடுத்த இடம். 1986ஆம் ஆண்டு ஏப்பிரில் 26ஆம் திகதி உக்ரெயினில் செர்னோபில் அணு உலை வெடித்துச் சிதறியது. சுற்றுவட்டத்து மக்கள் ஊரைக் கைவிட்டு அகன்றனர். நெல்லி சடானோவா என்னும் உக்ரெயின் நாட்டு அறிஞர் தம் குழுவினருடன் அந்நிலத்து மண்ணையும் சிதைந்த உலைக் கட்டடத்தின் சுவர்களையும் ஆராய்ந்து, கதிர்த்தொழிற்பாடு மிகுந்தவிடத்துக் கரிய பங்கசுகளின் விகிதமும் மிகுந்திருக்கக் கண்டார். சில இழைகள் கதிர் வரும் திசையை நோக்கியே வளர்ந்தன. பின்னர், 2007ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் எக்காத்தரீனா தாதாச்சோவா, ஆர்துரோ கசதெவால் ஆகியோர், மெலனின் உள்ள சில பங்கசுகள் கதிர்வீச்சின்கீழ் விரைவாக வளர்ந்தன என்று அறிவித்தனர். கதிரை உண்டு வாழும் பங்கசு என்று பத்திரிகைகள் பறைசாற்றின. அது அளவுக்கு மிஞ்சிய கூற்று. கதிரிலிருந்து பங்கசு வலுவைப் பெற்று உணவாக்குகின்றது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. நஞ்சை நஞ்சென்று எண்ணாது அங்கே குடியிருக்கின்றது என்பதே போதிய வியப்பு.

பொறுமை தனக்கு மாத்திரம் பயன்படுவதன்று, அடுத்தாரையும் காக்கும். ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்ரன் தேசிய வனத்தில் வெந்நீரூற்றுகளைச் சுற்றியுள்ள மண் கையில் எடுக்க முடியாத வெப்பமுடையது. அவ்வெம்மண்ணில் ஒருவகைப் புல் பசுமையாக நிற்கின்றது. அப்புல்லின் உடலினுள் கேர்வுலாரியா என்னும் பங்கசு வாழ்கின்றது. ரெஜினா ரெட்மன் முதலானோர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், புல்லையும் பங்கசையும் வேறாகப் பிரித்து வளர்த்தனர். தனித்த நிலையில் இரண்டும் சுமார் 40 பாகைக்கு மேல் வாழமாட்டாவாயின. ஒன்றுசேர்ந்திருந்தபோதோ, இடையிட்டு 65 பாகை வரை சூடாக்கப்பட்ட மண்ணிலும் புல் பிழைத்தது. கதை அத்துடன் முடியவில்லை. 2007ஆம் ஆண்டில் லூயிஸ் மார்க்கெஸ் முதலானோர், அந்தப் பங்கசினுள் ஒரு வைரசு இருப்பதையும், வைரசை நீக்கிய பங்கசு புல்லைக் காக்க வலியற்றதாய்ப் போவதையும், வைரசை மீளச் சேர்த்தால் அவ்வலிமை திரும்புவதையும் காட்டினர். வைரசு என்றாலே நோய் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது ஒரு பாடம். அதே பங்கசைத் தக்காளிச் செடியிற் சேர்த்தபோது தக்காளிக்கும் வெப்பந்தாங்கும் ஆற்றல் சற்று வந்தது.

வட பெல்ஜியத்தில் நாகம் உருக்கும் ஆலைகள் பல பதின்மர் ஆண்டுகளாகப் புகை கக்கி, அயலிலுள்ள மணல்நிலத்தை நஞ்சாக்கின. ஆயினும் அங்கு பைன் மரங்கள் வளர்ந்தன. யான் கொல்பார்ட் முதலானோர் அம்மரங்களின் வேர்களிற் சேர்ந்து வாழும் சுயிலசு என்னும் காளான் வகையை ஆராய்ந்தனர். ஆலையயலிலிருந்து எடுத்த சுயிலசு மிகுந்த நாகத்தைத் தாங்கிற்று. தூய நிலத்திலிருந்து எடுத்த அதே இனம் தாங்கவில்லை. ஆலைகள் எழுந்தபின் கழிந்த குறுகிய காலத்துக்குள், தாங்கமாட்டாதவை மடிந்து, தாங்குபவை பெருகியிருக்கின்றன. தாங்கும் சுயிலசை வேரிற் கொண்ட பைன் கன்றுகளே நாக மண்ணில் நலமாக வளர்ந்தன. மரத்துக்கு வந்த இடுக்கணை வேரடியில் நின்ற பங்கசு முதலில் ஏற்றுக்கொண்டது எனலாம்.

இதுவரை கூறியவற்றைக் கேட்டவர்கள் பொறுமையுடைய பங்கசே சிறந்த பங்கசு என்று முடிவு செய்துவிடக்கூடும். ஆனால் பொறுமைக்கு ஒரு விலை உண்டு. பிலிப் கிரைம் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலறிஞர் 1970களில் செடிகளைப் பற்றி ஓர் எண்ணத்தை வெளியிட்டார். போட்டியில் வெல்வது ஒரு வழி. குலைந்த நிலத்தில் விரைந்து முளைத்து விரைந்து வித்திடுவது மற்றொரு வழி. இடுக்கணைத் தாங்கி மெல்ல வாழ்வது மூன்றாவது வழி. மூன்றிலும் ஒருவரே தலைசிறந்து விளங்குதல் அரிது என்பது அது. பங்கசுகளுக்கும் இவ்வெண்ணத்தைப் பின்னர் பொருத்திப் பார்த்தனர். வட அமெரிக்காவின் மரமுக்கும் பங்கசுகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்த ஆராய்ச்சியில், அயலாரை வெல்லும் வன்மை மிக்கவை ஈரநிலை சற்று மாறினும் தளர்ந்தன. வறட்சியைப் பொறுத்தவை அயலாருக்கு இடங்கொடுத்தன. காரணம் விளங்காததன்று. மெலனின் ஆக்கவும் திரெகலோசு சேர்க்கவும் செலவாகும் காபன், நொதியம் ஆக்கவும் இழை நீட்டவும் கிடையாது. கோட்டைச் சுவருக்குக் கொட்டிய பணம் வயலுக்கு உரமாவதில்லையல்லவா?

செனோக்கொக்கம் என்னும் கரிய பங்கசு இதற்குத் தக்க சான்று. ஆட்டிக்குப் பகுதி தொடங்கி வெப்ப நாடுகளின் எல்லை வரை எண்ணிறந்த மரங்களின் வேர்களில் இது வாழ்கின்றது. மண் காய்ந்து பிற வேர்ப்பங்கசுகள் தளர்ந்தபோதும் இது நிற்கும். ஆனால் சோதனைச்சாலையில் இதனை வளர்ப்போர் அதன் மந்தகதியைக் கண்டு சலித்துப்போவர். இறந்தபின்னும் அதன் கருமை வேலை செய்கின்றது. மெலனின் மிகுந்த இழை எளிதில் உக்குவதில்லை. ஆகவே அதிலுள்ள காபன் மண்ணிலேயே நெடுநாள் தங்கும்.

காபன் மண்ணில் தங்குவதும் தங்காததும் சிறிய விடயமன்று. உலகின் மண்ணிலுள்ள காபன், ஆகாயத்திலும் மரஞ்செடிகளிலும் உள்ள காபன் இரண்டையும் கூட்டினும் விஞ்சி நிற்பது. அதிற் சிறுபங்கு காபனீரொட்சைட்டாக மேலெழுந்தாலும் பூமி மேலும் சூடேறும். ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலத்து ஹார்வட் காட்டில் ஜெரி மெலிலோ முதலானோர் 1991ஆம் ஆண்டில் நிலத்தடியில் மின்கம்பிகள் புதைத்து, சில பாத்திகளின் மண்ணை அயலினும் 5 பாகை கூடுதலாகச் சூடாக்கினர். 26 ஆண்டுப் பெறுபேறு 2017இல் வெளிவந்தது. மண்ணிலிருந்து காபன் சீராக வெளியேறவில்லை. சிலகாலம் மிகுதியாக வெளியேறி, சிலகாலம் அடங்கி, மீண்டும் மிகுந்தது. அடங்கிய காலங்களில் மண்ணுயிர்க் கூட்டம் தன்னை மாற்றியமைத்துக்கொண்டது என்பது ஆராய்ச்சியாளர் கொண்ட விளக்கம். யார் போய் யார் வருகின்றார் என்பதைப் பொறுத்தே மண்ணின் மூச்சும் மாறுகின்றது.

இனி, பொறுத்தாரெல்லாம் நல்லார் என்று கொள்வதற்கில்லை. மானுவெல் தெல்காடோ பக்கேரிசோ முதலானோர் 2020ஆம் ஆண்டில், உலகின் மண்களை ஒப்பிட்டு, வெப்பமான நிலங்களில் தாவரநோய் விளைக்கும் பங்கசுகளின் விகிதம் மிகுந்திருப்பதையும், பூமி சூடேறுமிடத்து அவ்விகிதம் இன்னும் உயரக்கூடும் என்பதையும் காட்டினர். மனிதரைத் தாக்கும் பங்கசும் அவற்றிடையே உண்டு. கலிபோர்னியா, அரிசோனா முதலிய வறள் நிலங்களில் கொக்சிடியோயிடெசு என்னும் பங்கசு வாழ்கின்றது. மழைக்காலத்தில் இழையாக வளரும். கோடையில் இழை துண்டுதுண்டாக முறிந்து, உலர்ந்த நுண்துகளாகும். அத்துகளைத் தூசுடன் சுவாசித்தோருக்குப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்னும் நுரையீரல் நோய் உண்டாகும். பெரும்பாலோர் தாமே தேறுவர். சிலருக்கு அது மூளை வரை பரவி உயிரைக் குடிக்கும். 1977ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் வீசிய புழுதிப்புயல், தென் கலிபோர்னியப் பள்ளத்தாக்கின் மண்ணைப் பன்னூறு மைல் வடக்கே சுமந்து சென்று, முன்னர் அந்நோயை அறியாத ஊர்களிற் பரப்பியது. 1994ஆம் ஆண்டு சனவரியில் நோத்ரிச்சு நிலநடுக்கத்தால் மலைச்சரிவுகள் இடிந்து எழுந்த புழுதியும் அவ்வாறே செய்தது. பின்னர், வடக்கே வெகு தூரத்திலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் 2010ஆம் ஆண்டளவில் நோயாளர் சிலர் காணப்பட, அவ்வயல் மண்ணைச் சோதித்தபோது பங்கசு அங்கேயே குடியிருந்தது.

உடற்சூடு 37 பாகையில் இருத்தல் மனிதனுக்கு வாய்த்த அரண்களுள் ஒன்று. மண்வாழ் பங்கசுகளுள் மிகப் பல அவ்வெப்பத்தைத் தாங்கா. ஆதலின் அவற்றின் வித்திகளை நாள்தோறும் சுவாசித்தும் நாம் நலமாக இருக்கின்றோம். வெப்பம் தாங்கும் ஒரு சிலவே உடலினுள்ளும் வளரவல்லன. மண்ணில் வெப்பம் தாங்குவோர் பெருகுவது மருத்துவரும் உழவரும் ஒருங்கே நோக்கவேண்டிய விடயமாக இருப்பது இதனாலேயே.

உழவருக்கு உரிய பகை மக்குரோபோமினா என்பது. எள்ளு, கௌபி, பயறு, நிலக்கடலை, சோளம், சோயா என்று 500க்கு மேற்பட்ட செடியினங்களை அது தாக்கும். நீர் கிடைக்கும் காலத்தில் பயிர் அதனை ஒருவாறு சமாளித்துவிடும். வெயில் கொளுத்தி, மண் வறண்டு, பயிர் பூத்துக் காய்க்கும் தறுவாயில் தளரும்போது, அது வேரின்வழியே ஏறித் தண்டை அடைக்கும். செடி நின்ற நிலையிலேயே காயும். தண்டைப் பிளந்தால் உள்ளே கரித்தூள் தூவியதுபோலக் கரிய நுண்மணிகள் நிறைந்திருக்கும். முன்னர் கூறிய உறக்கமணிகள் இவையே. அறுவடையின்பின் தண்டு மண்ணில் உக்க, மணிகள் மண்ணோடு சேர்ந்து அடுத்த வறட்சிக்காகக் காத்திருக்கும்.

அம்மணிகளின் பொறுமைக்கும் எல்லை உண்டு. வறண்ட மண்ணிற் பல ஆண்டு கிடக்கும் அவை, நீர் தேங்கிய மண்ணிற் சில கிழமைகளுள் பெரும்பாலும் அழிகின்றன. பசளையும் தழையும் இட்டு ஈரம் காத்த மண்ணில், திரைக்கோதெர்மா என்னும் மற்றொரு மண்வாழ் பங்கசு செழித்து, மக்குரோபோமினாவின் இழைகளைச் சுற்றி வளைத்துக் கரைத்து உண்ணும். அதனை வளர்த்துத் தூளாக்கி, விதையிற் பூசியும் எருவிற் கலந்தும் இடும் வழக்கம் பல நாடுகளில் வந்துவிட்டது. தூளை மாத்திரம் வாங்கித் தூவி, சருகையெல்லாம் கூட்டி எரித்துவிட்டு, வெறுமண்ணை வெயிலிற் காயவிடும் தோட்டத்தில் திரைக்கோதெர்மா பட்டினி கிடக்கும். கரிய மணிகளோ அத்தோட்டத்தில் சுகமாக உறங்கும்.